நடுரோட்டில் நிற்காத வண்டி

நாமக்கல் ஆஞ்சநேயருக்குக் கூரை கிடையாது. 18 அடி உயரம். வெயிலோ மழையோ, தலையில் வாங்கிக்கொண்டு அப்படியே நிற்கிறார். அந்த ஊருக்கு ரொம்ப காலம் இன்னொன்றும் கூரை இல்லாமல்தான் வந்து சேர்ந்தது. புது லாரி.

கம்பெனியிலிருந்து வருவது வெறும் சேஸிஸ். இன்ஜின் இருக்கும், சக்கரம் இருக்கும், ஸ்டியரிங் இருக்கும். கதவும் கூரையும் இருக்காது. ஒரு பலகையை ஸீட்டாகப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஜாம்ஷெட்பூரிலிருந்து ஒரு டிரைவர் அதை ஓட்டிக்கொண்டே வருவார். இங்கே பட்டறையில் விட்டால் மரமும் தகரமும் சேர்ந்து பாடி உருவாகும். பெயின்டர் வந்து பூ, மயில், குலதெய்வத்தின் பெயர் எல்லாம் எழுதுவார். பிறகு கோயில். பூசணிக்காய், சூடம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். வண்டி லைனுக்குக் கிளம்பிவிடும்.

இதெல்லாம் ஊரறிய நடப்பது. இதற்கு முன்னால் வீட்டுத் திண்ணையில் ஒரு விவாதம் நடந்திருக்கும். அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

மாடு வாங்கப் போகிறவர் சுழி பார்ப்பார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். வாலை முறுக்கி நடக்கவிட்டுப் பார்ப்பார். லாரிக்குப் பல் கிடையாது. அப்புறம் எதை வைத்து வாங்குவது? இந்தக் கம்பெனி வண்டி ஏமாற்றாது என்பதற்கு யார் சாட்சி? டீலர் சொல்கிற விலைதான் விலையா?

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் வாங்குகிறவர் யார் என்று பார்க்கவேண்டும். சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி. காவிரி தொட்டுக்கொண்டு போகிற ஓரத்தை விட்டுவிட்டால் பெரும்பாலும் மானாவாரிப் பூமி. வானம் பார்த்த நிலம். மழை பொய்த்தால் நிலக்கடலையும் பொய்க்கும், சோளமும் பொய்க்கும். விவசாயத்தை மட்டும் நம்பி உட்கார முடியாதவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். முதலில் கிளீனர், பிறகு டிரைவர், பிறகு மச்சானோடு கூட்டு சேர்ந்து ஒரு சொந்த வண்டி. அந்த ஒரு வண்டிக்குள் மனைவியின் நகை இருக்கும். அப்பாவின் ரெண்டு ஏக்கர் பத்திரம் இருக்கும். வண்டி ஓடினால் குடும்பம் ஓடும். நின்றால்?

அதனால்தான் அங்கே டீலர் கடைக்குள் நுழைகிற பெரியவர் விலையைக் கடைசியில்தான் கேட்பார்.

‘‘தம்பி, வெலைய அப்புறம் பேசிக்கலாமுங்க. நாக்பூர் தாண்டி வண்டி நின்னுபோச்சுன்னா ஆளு வருமா, சாமான் கெடைக்குமா... அத மொதல்ல சொல்லுங்க.’’

இந்த ஒரு கேள்விக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டுச் சரித்திரம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் நம் ரோடுகளில் ஓடியவை பெரும்பாலும் ஃபோர்டு, செவர்லே மாதிரி வெளிநாட்டுப் பெயர்கள்தான். ராணுவம் கழித்துவிட்ட லாரிகளும் ஏலத்தில் வந்தன. 1953ல் மத்திய அரசு ஒரு முடிவு எடுத்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே முடுக்கி விற்கிற வேலை இனி ஆகாது, உற்பத்தியே இங்கே நடக்கவேண்டும், இஷ்டமில்லாதவர்கள் கிளம்பலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின.

வண்டி வாங்கியவர்களுக்குக் கிடைத்த முதல் பாடம் இது. வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி, செய்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் கையில் இருப்பது இரும்பு!

அந்தக் காலி இடத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள்.

முதலாமவர் சென்னைக்காரர். சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், லாரி செய்ய ஆரம்பித்த கம்பெனியே அல்ல அது. 1948ல் ரகுநந்தன் சரண் என்பவர் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தருவதற்காக ஆரம்பித்தது. மகன் பெயர் அசோக். கம்பெனி பெயர் அசோக் மோட்டார்ஸ். பிறகு இங்கிலாந்தின் லேலண்டோடு கைகோத்து, 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. கார் போயிற்று, லாரியும் பஸ்ஸும் வந்தன.

இரண்டாமவர் டாட்டா. 1945ல் ரயில் இன்ஜின் செய்வதற்காகத் தொடங்கிய டெல்கோ, 1954ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு 15 வருட ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. ஜாம்ஷெட்பூரில் செய்த லாரியின் முகத்தில் மெர்சிடிஸ் நட்சத்திரம் மின்னியது. நம் ஊர்ப் பெரியவர்கள் டாட்டா லாரியை ‘பென்ஸு வண்டி’ என்றது சும்மா இல்லை.

அதே 1954ல் சென்னையில் இன்னொன்றும் நடந்தது. டி.எஸ்.சந்தானம் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். பஸ், லாரி வாங்க தவணைக் கடன். முழுப் பணமும் கையில் இருக்கிறவன்தான் முதலாளி என்ற கதை அங்கே மாற ஆரம்பித்தது. 1979ல் ஸ்ரீராம் ட்ரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் வந்து, பழைய வண்டி வாங்குகிற டிரைவருக்கும் கடன் கொடுத்தது. உள்ளூர் ஃபைனான்ஸ்களும் சீட்டுகளும் தனிக் கதை. கடன் வந்ததும் கூடவே ஒரு கடிகாரமும் வந்தது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதா மாதம் தேதி வரும், தவணை கட்டியாகவேண்டும். ‘வழியில் நிற்காத வண்டி’ என்பது ஓட்டுகிறவரின் சௌகரியம் என்ற நிலை போய், கடன்காரரின் கட்டாயம் ஆகிவிட்டது.

இப்போது 1969க்கு வாருங்கள். பென்ஸ் ஒப்பந்தம் முடிந்தது. நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டு டாட்டா தன் ‘டி’ எழுத்தை மாட்டியது. ஜெர்மன்காரன் போய்விட்டான், வண்டி இனி என்ன ஆகும்?

ஒன்றும் ஆகவில்லை. காரணம் கம்பெனிக்குள் மட்டும் இல்லை. ரோட்டில் இருந்தது. அந்த 15 வருடத்தில் கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை புளியமரத்தடி மெக்கானிக்குகள் அந்த இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டக் கற்றிருந்தார்கள். எந்த ஊர்க் கடையிலும் சாமான் கிடைத்தது. அசல் இல்லாவிட்டால் நகல். லேலண்டுக்கும் இதே கதைதான். தெற்கே அதற்கு விசுவாசிகள் அதிகம். சந்தேகமிருந்தால் நாமக்கல் டீக்கடையில் போய் ‘டாட்டாவா, லேலண்டா’ என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அப்புறம் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டதாக என்னைத் திட்டக்கூடாது.

அந்தக் காலத்தில் டீலரிடம் தள்ளுபடி என்ற பேச்சே எழாது. எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கே அரசாங்க லைசென்ஸ். பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்கவேண்டும். டீலர் ராஜா, வாங்குகிறவர் வரம் கேட்கிறவர்.

எண்பதுகளில் ஜப்பான் வந்தது. டொயோட்டா, மஸ்தா, நிஸான், மிட்சுபிஷி. நான்கு பேர், நான்கு இந்தியக் கூட்டாளிகள். டி.சி.எம். டொயோட்டா, ஸ்வராஜ் மஸ்தா, ஆல்வின் நிஸான், ஐஷர் மிட்சுபிஷி. சின்ன லாரிகள். அழகு, வேகம், சத்தமில்லாத இன்ஜின். வாங்குகிறவருக்கு முதல்முறையாக ‘எதை எடுக்கலாம்’ என்று யோசிக்கிற சுகம்.

இடி எங்கிருந்து விழுந்தது தெரியுமா? நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் இருந்து! 1985 செப்டம்பரில் ப்ளாஸா ஹோட்டலில் ஐந்து பணக்கார நாடுகள் உட்கார்ந்து, டாலரின் மதிப்பைக் குறைக்க ஒப்பந்தம் போட்டன. யென்னின் மதிப்பு கிடுகிடுவென்று ஏறியது. ஜப்பானிலிருந்து வரவேண்டிய பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. 1986ல் டாட்டா தானே வடிவமைத்த 407ஐ இறக்கியது. எல்லாம் உள்ளூர்ச் சாமான். பழக்கப்பட்ட மெக்கானிக். அப்புறம் என்ன? டொயோட்டா கூட்டணி கைமாறி தேவூ ஆனது. ஆல்வின் நிஸான் மஹிந்திராவின் கைக்குப் போனது. ஐஷரும் ஸ்வராஜும் சமாளித்து நின்றன.

ஜப்பான்காரனின் இன்ஜினில் குறை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கோ ஒரு ஹோட்டலில் போட்ட கையெழுத்து, இங்கே ஒரு ஸ்பேர் பார்ட்டின் விலையை ஏற்றியது. திண்ணைப் பெரியவருக்கு ப்ளாஸா ஒப்பந்தம் தெரியாது. ஆனால் ‘சாமான் எங்கிருந்து வருது?’ என்று கேட்கத் தெரிந்திருந்தது. ரெண்டும் ஒன்றுதான்.

வேடிக்கை என்னவென்றால், பிறந்த ஊரில் லேலண்டின் கதை பரிதாபம். 1987ல் அசோக் லேலண்டில் இருந்த தன் பங்கை ஹிந்துஜா குழுமத்துக்கும் இத்தாலியின் இவெகோவுக்கும் விற்றுவிட்டு இங்கிலாந்துக்காரர்கள் வெளியேறினார்கள். டச்சுக் கம்பெனி டாஃப்போடு சேர்ந்த லேலண்ட் டாஃப் 1993ல் திவாலானது. எண்ணூரில் வைத்த செடி மரமாகி நிற்கிறது, தாய்ச்செடி பட்டுப்போயிற்று.

பென்ஸ்? அது திரும்பி வந்தது. 2010 வரை டாட்டா மோட்டார்ஸில் கொஞ்சம் பங்கை வைத்திருந்த டைம்லர், அதை விற்றது. 2012ல் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தொழிற்சாலையைத் திறந்து, ‘பாரத்பென்ஸ்’ என்ற பெயரில் லாரி விற்க ஆரம்பித்தது. குருவே சிஷ்யனுக்கு எதிராகக் களத்தில்! அந்தப் பெயருக்கே வண்டிகள் பறந்திருக்கவேண்டுமே? பறக்கவில்லை. நாமக்கல்லும் சங்ககிரியும் புதுக் கம்பெனிக்குப் போடுகிற பரீட்சை எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் தைரியமாக ஒருவர் வாங்குவார். மற்றவர்கள் ரெண்டு வருடம் வேடிக்கை பார்ப்பார்கள். டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள். ரீசேல் என்ன விலைக்குப் போகிறது என்று கவனிப்பார்கள். அப்புறம்தான் பணத்தை எடுப்பார்கள்.

இந்தப் பரீட்சை புதியவர்களுக்குப் புரிந்தது. 2016ல் மஹிந்திரா தன் ப்ளாஸோ லாரிக்கு ஒரு விளம்பரம் செய்தது. மைலேஜ் அதிகம் கொடுக்கும், கொடுக்காவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலை குறைவு என்று சொல்லவில்லை பாருங்கள். பெரியவரின் கேள்வி, கம்பெனியின் விளம்பரத்துக்கே வந்துவிட்டது.

அப்படியானால் மைலேஜுக்கு எவ்வளவு மதிப்பு? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி. ஒன்று லிட்டருக்கு 4 கிலோமீட்டர், இன்னொன்று நாலே கால். கால் கிலோமீட்டர்தானே வித்தியாசம்? முதல் வண்டி 2,500 லிட்டர் குடிக்கும். இரண்டாவது சுமார் 2,353 லிட்டர். மாதம் 147 லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 13,000 ரூபாய்க்கு மேல். வருடத்துக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். டீலரிடம் நாலு நாள் நடையாய் நடந்து ஒன்றரை லட்சம் குறைத்து வாங்கிய சந்தோஷத்தை ஒரே வருடத்தில் டீசல் குடித்துவிடும்.

தள்ளுபடி என்றதும் 2017 மார்ச் ஞாபகத்துக்கு வருகிறது. புகைக் கட்டுப்பாட்டில் பி.எஸ்.3 போய், ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.4. மிச்சமிருக்கிற பழைய வண்டிகளைப் பிறகும் விற்றுக்கொள்ளலாம் என்று கம்பெனிகள் நம்பிக்கொண்டிருந்தன. மார்ச் 29ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ‘கூடாது’ என்றது. நாடு முழுக்கத் தேங்கிக் கிடந்தவை சுமார் 8.2 லட்சம் வாகனங்கள். அதில் 96,000க்கும் மேல் சரக்கு, பயணிகள் வாகனங்கள். கையில் இருந்தது இரண்டே நாள்! ஷோரூம்களில் திருவிழாக் கூட்டம். டீலர் ராஜாவாக இருந்த காலம் போய், டீலர் கெஞ்சுகிற காலம். அள்ளியவர்கள் அள்ளினார்கள்.

லாபமா? உள்ளூரில் ஓட்டியவர்களுக்கு லாபமாக இருந்திருக்கலாம். ஆனால் 2025 நவம்பர் 1 முதல், வெளிமாநிலப் பதிவெண் கொண்ட பி.எஸ்.3 சரக்கு வண்டிகள் டில்லிக்குள் நுழையத் தடை வந்துவிட்டது. காற்று மாசுக்காக. டில்லி லைன் ஓட்டுகிறவர்களுக்கு, எட்டரை வருடம் முன்பு வாங்கிய மலிவான வண்டி, இன்னும் ஓடக்கூடிய வண்டி, எல்லையில் நிற்கவேண்டிய வண்டியாகிவிட்டது. இன்ஜின் நிற்கவில்லை. சட்டம் நிறுத்தியது. தள்ளுபடி ஏன் தருகிறார்கள் என்று கேட்காமல் வாங்கினால், கதை இப்படியும் முடியலாம்.

2018 ஜூலையில் இன்னொரு அடி. ஒரு லாரி ஏற்றலாம் என்கிற எடையை மத்திய அரசு உயர்த்தியது. பத்து சக்கர லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன். நல்லதுதானே? ஒவ்வொரு வண்டியும் கூடுதலாக ஏற்றினால், அதே சரக்குக்குக் குறைவான வண்டிகள் போதும். வாடகைக்கு வண்டி தேடியது போய், வண்டிகள் சரக்கைத் தேடின. கடன் வாங்கிப் புது வண்டி எடுத்தவர்கள் முழித்தார்கள். லாரி விற்பனை சரிய, டீலர்கள் லட்சக்கணக்கில் தள்ளுபடி தர ஆரம்பித்தார்கள். விலை குறைகிற நேரமும் லோடு குறைகிற நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. இதை லாரிக்காரர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இதைவிடப் பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. பி.எஸ்.4ல் புகையைக் குறைக்க இரண்டு வழிகள். ஒன்று, யூரியாக் கரைசலைப் புகையில் பீய்ச்சுவது. டாட்டாவும் பாரத்பென்ஸும் இந்த வழியில் போயின. இன்னொன்று, புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புவது. பெரிய லாரிகளுக்கு அசோக் லேலண்ட் இதைத் தேர்ந்தெடுத்தது. யூரியா டேங்க் வேண்டாம், எலெக்ட்ரானிக்ஸ் குறைவு, நம் ரோட்டோர மெக்கானிக்கே சமாளிப்பார் என்பதுதான் அவர்களுடைய வாதம். தன் வாடிக்கையாளர் யார் என்று தெரிந்து பேசிய பேச்சு.

ஆனால் அந்தச் சலுகையும் மூன்றே வருடம்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6. லேலண்டுக்கும் யூரியா வந்தது. சென்சார், கம்ப்யூட்டர், ஒயர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் ஒரு விளக்கு எரியும். வேகம் எடுக்காது. பானெட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். புளியமரத்தடி மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, ‘‘லேப்டாப் போட்டுத்தான் பாக்கணுமுங்கண்ணா, கம்பெனிக்கே கொண்டு போயிருங்க’’ என்கிறார். அவர் முப்பது வருடம் காதால் கேட்டு இன்ஜின் நோயைச் சொன்னவர்.

நம்பிக்கை என்பது இத்தனை காலம் ரோட்டில் இருந்தது. எந்த ஊரில் நின்றாலும் ஒருவர் வருவார், ஒரு சாமான் கிடைக்கும் என்ற நம்பிக்கை. அதை உண்டாக்கியது கம்பெனி மட்டும் அல்ல. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான மெக்கானிக்குகள், டிரைவர்கள், சாமான் கடைக்காரர்கள். அது இப்போது ரோட்டிலிருந்து கிளம்பி, டீலரின் சர்வீஸ் சென்டருக்குள், ஒரு லேப்டாப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

காலத்துக்கேற்ற மாற்றம். குறை சொல்லமுடியாது. புகை குறைந்திருக்கிறது. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.ஸி. கட்டாயம். பலகை ஸீட்டில் துண்டோடு வந்தவரின் பேரன் ஏ.ஸி.யில் ஓட்டுகிறான் என்றால் சந்தோஷம்தானே? 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் நல்ல செய்திதான்.

ஆனால் பேரம் பேசுகிற விதம் மாறியாகவேண்டும். முன்பு டீலரிடம் வண்டியை வாங்கிவிட்டால் அவருக்கும் நமக்கும் கணக்கு முடிந்தது. இப்போது அன்றைக்குத்தான் கணக்கு ஆரம்பிக்கிறது. எனவே விலைச் சீட்டில் கீழே இருக்கிற தொகையோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது. இன்ஷூரன்ஸ் யார் மூலம், வெளியே எவ்வளவு? கடனுக்கு வட்டி எத்தனை, தள்ளுபடியில் கொடுத்ததை வட்டியில் பிடுங்குகிறார்களா? வாரன்டி எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர், எதெதற்கு இல்லை? நாம் போகிற லைனில் சர்வீஸ் சென்டர்கள் எங்கெங்கே? பழுதாகி நின்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும், வராவிட்டால் நஷ்டம் யாருக்கு? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கவேண்டும். ‘பாத்துக்கலாமுங்க’ என்பது கொங்கு நாட்டின் அருமையான மரியாதை வார்த்தை. ஆனால் நாக்பூரில் வண்டி நிற்கும்போது அதைக் காட்டி ஒரு போல்ட்கூட வாங்க முடியாது.

யோசித்துப் பார்த்தால், இதெல்லாம் அந்தத் திண்ணைப் பெரியவர் கேட்ட அதே கேள்விதான். ஆளு வருமா, சாமான் கெடைக்குமா? பதில் சொல்லவேண்டிய ஆள்தான் மாறியிருக்கிறார்.

பேசி முடித்து, கையெழுத்துப் போட்டு, வண்டியை நேராக ஆஞ்சநேயரிடம் கொண்டுபோங்கள். சூடம் காட்டுங்கள். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பட்டும். அந்த ஊரில் அசையாமல் நிற்பதற்கு உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான்.